கொச்சியின் டச்சு நினைவுச் சின்னங்கள்: பெயர்ப்பலகைகள் சொல்வதும் சொல்லாததும்

கேரளத்தின் கொச்சி நகரில் 'டச்சு' என்ற அடைமொழியுடன் அழைக்கப்படும் சின்னங்களில் மிகவும் புகழ்பெற்றது மட்டாஞ்சேரியில் உள்ள டச்சு அரண்மனை. ஆனால், அதைக் கட்டியவர்கள் டச்சுக்காரர்கள் அல்லர், போர்ச்சுகீசியர்கள். மறுபுறம், பெயரில் டச்சு அடையாளமே இல்லாத டேவிட் ஹால், பாஸ்டியன் பங்களா, போல்காட்டி அரண்மனை ஆகியவை டச்சுக்காரர்கள் எழுப்பியவை.

தமிழில் ஒல்லாந்தர் என்றும், மலையாளத்தில் லந்தக்காரர் என்றும் அழைக்கப்பட்ட டச்சுக்காரர்கள் கொச்சியை 132 ஆண்டுகள் தங்கள் வசம் வைத்திருந்தனர். அவர்களுக்கு முன்பு போர்ச்சுகீசியர்களும், பின்பு ஆங்கிலேயர்களும் அதே கட்டடங்களைப் பயன்படுத்தினர். கட்டியவர் ஒருவர், புதுப்பித்தவர் இன்னொருவர், பெயரிட்டவர் வேறொருவர் என்ற நிலையில், ஒரே ஒரு பலகையை மட்டும் படித்துவிட்டு ஒரு கட்டடத்தின் வரலாற்றைப் புரிந்துகொள்வது கடினம். ஆண்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் முழுமையான சித்திரம் கிடைக்கிறது.

கொச்சிக்கு டச்சுக்காரர்கள் வந்தது எப்படி?

டச்சு கிழக்கிந்திய நிறுவனம் 1602-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. மிளகு வணிகத்தைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர விரும்பிய அந்நிறுவனம், மலபார் கடற்கரையில் போர்ச்சுகீசியர்களின் முக்கியத் தளமாக இருந்த கொச்சியைக் குறிவைத்தது. 1662-ஆம் ஆண்டு நடந்த முதல் முற்றுகை வெற்றி பெறவில்லை. தளபதி ரிக்லோஃப் வான் கூன்ஸ் தலைமையிலான படை 1663-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் கோட்டையைக் கைப்பற்றியது.

போர்ச்சுகீசிய நகரத்தின் பரப்பைக் குறைத்து, எஞ்சிய பகுதியைச் சுற்றி டச்சுக்காரர்கள் வலுவான மதில்களை எழுப்பினர். அதன் கொத்தளங்களுக்கு ஹாலந்து, கெல்டர்லாந்து எனத் தங்கள் நாட்டு மாகாணங்களின் பெயர்களைச் சூட்டினர். ஐரோப்பியக் கத்தோலிக்கக் குருமார்கள் வெளியேற்றப்பட்டனர். கத்தோலிக்க மடங்களும் தேவாலயங்களும் இடிக்கப்பட்டன. இன்று புனித பிரான்சிஸ் தேவாலயம் என்று அறியப்படும் ஆலயமும், சாண்டா குரூஸ் பேராலயமும் மட்டுமே தப்பின. அவற்றில் முதலாவது டச்சுக்காரர்களின் சீர்திருத்தச் சபை ஆலயமாக மாறியது. இரண்டாவது, ஆயுதக் கிடங்கானது.

பிரெஞ்சுப் படைகள் நெதர்லாந்தைக் கைப்பற்றியதைத் தொடர்ந்து, 1795-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் கொச்சிக் கோட்டை ஆங்கிலேயர்களிடம் சரணடைந்தது. 1814-ஆம் ஆண்டு கையெழுத்தான ஆங்கிலேய - டச்சு உடன்படிக்கையின்படி, இன்றைய இந்தோனேசியாவில் உள்ள பாங்கா தீவைப் பெற்றுக்கொண்டு கொச்சியின் மீதான உரிமையை டச்சுக்காரர்கள் கைவிட்டனர்.

முக்கிய ஆண்டுகள்

1663: கொச்சியை டச்சுக்காரர்கள் கைப்பற்றினர்
1667: பாஸ்டியன் பங்களா கட்டப்பட்டது
1678: ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் நூலின் முதல் தொகுதி வெளியானது
1724: டச்சுக் கல்லறைத் தோட்டம் அர்ப்பணிக்கப்பட்டது
1740: டச்சு நிறுவனத்தின் வாயில் அமைக்கப்பட்டது
1741: குளச்சல் போரில் டச்சுப் படை தோற்றது
1744: போல்காட்டி அரண்மனை கட்டப்பட்டது
1795: கொச்சி ஆங்கிலேயர் வசமானது

மூன்று எழுத்துகள் கொண்ட வாயில்

ஃபோர்ட் கொச்சியின் அணிவகுப்புத் திடலை நோக்கியபடி ஒரு பெரிய மரக்கதவு உள்ளது. 1740-ஆம் ஆண்டைச் சேர்ந்த இந்த வாயிலில், 'வி' என்ற எழுத்தின் இரு கரங்களிலும் 'ஓ', 'சி' ஆகிய எழுத்துகள் பின்னப்பட்ட முத்திரை காணப்படுகிறது. ஐக்கிய கிழக்கிந்திய நிறுவனம் என்று பொருள்படும் டச்சுப் பெயரின் முதலெழுத்துகள் இவை. நாணயங்கள், பீரங்கிகள், பீங்கான் பாத்திரங்கள் என அந்நிறுவனத்தின் உடைமைகள் பலவற்றிலும் இதே முத்திரை பொறிக்கப்பட்டது.

'வி.ஓ.சி.' என்ற எழுத்துகளைக் கண்டதும் தமிழ் வாசகர்களுக்குக் கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரனார் நினைவுக்கு வருவது இயல்பு. அவர் 1906-ஆம் ஆண்டு சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கிய தூத்துக்குடி, ஒரு காலத்தில் இந்த முத்திரைக்குரிய டச்சு நிறுவனத்தின் ஆளுகையில் இருந்த துறைமுகம் என்பது குறிப்பிடத்தக்கது.

மூன்று ஆட்சிகளைக் கண்ட தேவாலயம்

இந்தியாவில் ஐரோப்பியர்கள் எழுப்பிய மிகப் பழைமையான தேவாலயங்களுள் ஒன்றாகக் கருதப்படும் புனித பிரான்சிஸ் தேவாலயம், 1503-ஆம் ஆண்டு மரத்தால் கட்டப்பட்டு, பின்னர் கற்கட்டடமாக மாற்றப்பட்டது. 1516-ஆம் ஆண்டு நிறைவடைந்த அந்த ஆலயம் புனித அந்தோணியாருக்கு அர்ப்பணிக்கப்பட்டிருந்தது. 1524-ஆம் ஆண்டு கொச்சியில் காலமான வாஸ்கோ ட காமாவின் உடல் இங்குதான் முதலில் அடக்கம் செய்யப்பட்டது. சுமார் 14 ஆண்டுகளுக்குப் பின்னர் அவரது எச்சங்கள் போர்ச்சுகலுக்குக் கொண்டு செல்லப்பட்டன. அவர் அடக்கம் செய்யப்பட்ட இடம் இன்றும் ஆலயத்துக்குள் அடையாளப்படுத்தப்பட்டுள்ளது.

கோட்டை தங்கள் வசமானதும் டச்சுக்காரர்கள் இதைத் தங்கள் வழிபாட்டு முறைக்கேற்ப மாற்றினர். பலிபீடமும் மரத் தடுப்புகளும் வைப்பீன் பகுதியில் உள்ள கத்தோலிக்க ஆலயத்துக்குக் கொண்டு செல்லப்பட்டன. 1779-ஆம் ஆண்டு கட்டடம் முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது. 1804-ஆம் ஆண்டு டச்சுச் சமூகத்தினர் இதை ஆங்கிலிக்கன் சபையிடம் ஒப்படைத்தனர். புனித பிரான்சிஸ் என்ற பெயர் அதற்குப் பிறகு வந்தது. அதாவது, டச்சுக்காரர்கள் இங்கு வழிபட்ட காலத்தில் இந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை. தற்போது தென்னிந்தியத் திருச்சபையின் வழிபாட்டுத் தலமாக இது விளங்குகிறது.

ஆலயத்தின் தரையில் பதிக்கப்பட்டிருந்த கல்லறைக் கற்கள் 1886-ஆம் ஆண்டு பெயர்த்தெடுக்கப்பட்டுச் சுவர்களில் பொருத்தப்பட்டன. வடக்குச் சுவரில் போர்ச்சுகீசியக் கற்களும், தெற்குச் சுவரில் டச்சுக் கற்களும் உள்ளன. எனவே, ஒரு கல் இருக்கும் இடத்துக்குக் கீழேதான் அதில் பெயருள்ளவர் அடக்கம் செய்யப்பட்டார் என்று கருத இயலாது.

1751 முதல் 1804 வரையிலான டச்சுக்கால ஞானஸ்நான, திருமணப் பதிவேடும் இந்த ஆலயத்தில் பாதுகாக்கப்படுகிறது. ஆளுநர்கள், தளபதிகள் ஆகியோரின் பெயர்களே பெரும்பாலும் கல்லறைக் கற்களில் இடம்பெற்ற நிலையில், கொச்சியில் வாழ்ந்த சாதாரண டச்சுக் குடும்பங்களை அறிய இந்தப் பதிவேடே முக்கிய ஆதாரம்.

டச்சுக் கல்லறைத் தோட்டம்

தேவாலயத்துக்குச் சற்றுத் தொலைவில், கடற்கரைக்கு அருகே அமைந்துள்ள டச்சுக் கல்லறைத் தோட்டம் 1724-ஆம் ஆண்டு அர்ப்பணிக்கப்பட்டது. 104 கல்லறைகள் கொண்ட இங்கு, 1913-ஆம் ஆண்டு கடைசி நல்லடக்கம் நடைபெற்றது. டச்சு ஆட்சி முடிந்து 118 ஆண்டுகளுக்குப் பின்னரும் இந்த இடம் பயன்பாட்டில் இருந்துள்ளது என்பதால், இங்குள்ள அனைவரும் டச்சு நிறுவன ஊழியர்கள் அல்லர்.

இது இந்தியாவின் மிகப் பழைமையான ஐரோப்பியக் கல்லறைத் தோட்டம் என்று சுற்றுலாக் குறிப்புகளில் கூறப்படுவதுண்டு. ஆனால், தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காட்டில் உள்ள டச்சுக் கல்லறைகளில் 17-ஆம் நூற்றாண்டின் ஆண்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன. 1724-ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்ட ஒரு தோட்டம் அவற்றைவிடப் பழைமையானதாக இருக்க முடியாது. கொச்சிக் கல்லறைத் தோட்டத்தின் முக்கியத்துவம் முதலிடத்தில் இல்லை. ஒரு சிறு வணிகக் குடியேற்றத்தின் மக்கள் யார், எந்த வயதில் இறந்தனர், எங்கிருந்து வந்தனர் என்பதைக் கூறும் கற்கள் ஒரே இடத்தில் எஞ்சியிருப்பதே அதன் சிறப்பு.

பெயர் டச்சு, கட்டியவர் போர்ச்சுகீசியர்

மட்டாஞ்சேரி அரண்மனை 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் போர்ச்சுகீசியர்களால் கட்டப்பட்டு, கொச்சி அரசர் வீர கேரள வர்மாவுக்கு வழங்கப்பட்டது. 1663-ஆம் ஆண்டுக்குப் பின்னர் டச்சுக்காரர்கள் இதைப் பழுதுபார்த்து விரிவுபடுத்தினர். அதன் காரணமாகவே டச்சு அரண்மனை என்ற பெயர் நிலைத்தது. ஆனால், இங்கு டச்சு ஆளுநர் எவரும் வசிக்கவில்லை. இது கொச்சி அரச குடும்பத்தின் அரண்மனை. நடுமுற்றத்தில் பழையன்னூர் பகவதி கோயில் அமைந்துள்ளது. சுவர்களில் ராமாயணக் காட்சிகளைச் சித்திரிக்கும் கேரள பாணி ஓவியங்கள் உள்ளன.

அரண்மனைக்கு அருகே உள்ள பரதேசி யூத ஆலயம் 1568-ஆம் ஆண்டு கட்டப்பட்டது. 1662-ஆம் ஆண்டு முற்றுகையின்போது டச்சுக்காரர்களுக்கு உதவியதற்காகப் போர்ச்சுகீசியர்கள் இந்த ஆலயத்தைச் சேதப்படுத்தினர். டச்சு ஆட்சி வந்த பின்னரே அது சீரமைக்கப்பட்டது. ஆலயத்தின் தரையில் பதிக்கப்பட்டுள்ள சீன ஓடுகள், டச்சு நிறுவனத்தின் முக்கிய வணிக முகவராக விளங்கிய எசக்கியேல் ரஹாபியின் காலத்தில் வந்தவை. கத்தோலிக்கர்களுக்கு ஒடுக்குமுறையாக அமைந்த அதே ஆட்சிமாற்றம், யூதர்களுக்குப் பாதுகாப்பாக அமைந்தது என்பதை இந்த ஆலயம் உணர்த்துகிறது.

ஆண்டுகள் முரண்படும் இடம்

டச்சு நிறுவனம் எழுப்பிய டேவிட் ஹால் கட்டடம் சுமார் 1695-ஆம் ஆண்டைச் சேர்ந்தது எனக் கூறப்படுகிறது. மலபாரின் டச்சுத் தளபதியாக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீடேவுடன் இக்கட்டடத்தைத் தொடர்புபடுத்துவதும் வழக்கம். ஆனால் வான் ரீடே 1691-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கடற்பயணத்தின்போது காலமாகி, சூரத் நகரில் அடக்கம் செய்யப்பட்டார். 1695 என்ற ஆண்டு சரி எனில், அவர் இந்தக் கட்டடத்தைக் கண்டிருக்கவே இயலாது. இரு தகவல்களும் ஒரே குறிப்பில் அருகருகே இடம்பெறுவது, இத்தகைய குறிப்புகளைச் சரிபார்க்க வேண்டியதன் தேவையைக் காட்டுகிறது. டேவிட் ஹால் என்ற பெயரோ, பிற்காலத்தில் அங்கு வசித்த யூத சமூகத்தைச் சேர்ந்த டேவிட் கோடரிடமிருந்து வந்தது.

1667-ஆம் ஆண்டைச் சேர்ந்த பாஸ்டியன் பங்களா, பழைய டச்சுக் கோட்டையின் ஸ்ட்ரோம்பெர்க் கொத்தளம் இருந்த இடத்தில் அமைந்துள்ளது. கொத்தளத்தைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லே அதன் பெயராயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் கோட்டை மதில்களைத் தகர்த்துவிட்ட நிலையில், அந்தக் கோட்டையின் எல்லையை நினைவூட்டும் ஒருசில அடையாளங்களுள் இதுவும் ஒன்று.

போல்காட்டி தீவில் 1744-ஆம் ஆண்டு டச்சு வணிகர்கள் கட்டிய மாளிகை, பின்னர் ஆங்கிலேய ரெசிடென்டின் இல்லமாக மாறியது. தற்போது கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் பாரம்பரிய விடுதியாகச் செயல்படுகிறது.

ஃபோர்ட் கொச்சியின் தெருப் பெயர்களிலும் டச்சுச் சுவடு உண்டு. பர்கர் தெரு என்ற பெயர், குடிமகன் எனப் பொருள்படும் டச்சுச் சொல்லில் இருந்து வந்தது. இலங்கையில் பறங்கியர் என்று தமிழில் அழைக்கப்படும் சமூகத்தினரின் ஆங்கிலப் பெயருக்கும் அதே சொல்தான் மூலம்.

கல்லில் செதுக்கப்படாத நினைவுச் சின்னம்

டச்சுக் காலக் கொச்சியின் மிகப் பெரிய நினைவுச் சின்னம் ஒரு நூல். வான் ரீடேவின் முயற்சியில் உருவான 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்', மலபாரின் தாவரங்களை விவரிக்கும் 12 தொகுதிகளாக 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் லத்தீன் மொழியில் வெளியானது. 742 தாவரங்கள் அதில் விவரிக்கப்பட்டுள்ளன. மலையாள எழுத்துகள் அச்சில் முதன்முதலாக இடம்பெற்றதும் அந்நூலில்தான்.

சேர்த்தலை அருகே கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ சமூக வைத்தியர் இட்டி அச்சுதன், தன் குடும்பத்தினர் வழிவழியாகக் காத்துவந்த மருத்துவ அறிவை இந்நூலுக்கு அளித்தார். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகிய கொங்கணி வைத்தியர்களும் பங்களித்தனர். இவர்கள் அளித்த சான்றுரைகள் அவரவர் எழுத்துமுறையிலேயே முதல் தொகுதியில் அச்சிடப்பட்டன. எனவே, பங்களித்தவர்கள் யார் என்பதில் இங்கு ஐயத்துக்கு இடமில்லை. ஆயினும் லத்தீனில் இருந்த அந்நூல் அதன் தாயகத்தில் படிக்கப்பட முடியாமலேயே மூன்று நூற்றாண்டுகள் கடந்தன. தாவரவியலாளர் கே.எஸ்.மணிலாலின் நீண்டகால உழைப்பின் பயனாக, 2003-ஆம் ஆண்டு ஆங்கிலத்திலும் 2008-ஆம் ஆண்டு மலையாளத்திலும் கேரளப் பல்கலைக்கழகம் அதை வெளியிட்டது.

பலகை இல்லாத வரலாறு

மிளகு, இலவங்கப்பட்டை, துணி ஆகியவற்றுடன் மனிதர்களும் கொச்சித் துறைமுகத்தில் விற்கப்பட்டனர். டச்சுக் காலத்தில் மலபாரிலிருந்து அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்டவர்கள் தென்னாப்பிரிக்காவின் கேப் குடியேற்றத்திலும், இன்று ஜகார்த்தா என்று அழைக்கப்படும் பட்டாவியாவிலும் வேலைக்கு அமர்த்தப்பட்டனர். சொந்தப் பெயர்கள் மாற்றப்பட்டு, 'மலபாரைச் சேர்ந்தவர்' என்று பொருள்படும் பின்னொட்டுடன் கேப் பதிவேடுகளில் இவர்கள் குறிக்கப்பட்டனர்.

இவர்களின் விற்பனையைப் பதிவு செய்த 18-ஆம் நூற்றாண்டுப் பத்திரங்களை ஆய்வாளர்கள் அண்மைக் காலத்தில் ஆராய்ந்து வருகின்றனர். கொச்சியின் டச்சு நிர்வாக ஆவணங்கள் இன்று கொச்சியில் இல்லை. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. மலபார் பகுதி சென்னை மாகாணத்தின் ஆளுகையில் இருந்ததால் அவை இங்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் சில, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை அரசால் அச்சிடப்பட்டன.

கன்னியாகுமரியில் முடிந்த ஆதிக்கம்

கொச்சியின் டச்சு வரலாற்றுக்குத் திருப்புமுனையாக அமைந்த சின்னங்கள் இன்றைய தமிழ்நாட்டில் உள்ளன. 1741-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் குளச்சலில் நடந்த போரில், திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுப் படையைத் தோற்கடித்தது. அதன் நினைவாகக் குளச்சலில் வெற்றித்தூண் நிறுவப்பட்டுள்ளது. இப்போருக்குப் பின் மலபார் அரசியலில் டச்சுக்காரர்களின் செல்வாக்கு சரியத் தொடங்கியது.

போரில் சிறைபிடிக்கப்பட்ட டச்சு நிறுவன அதிகாரி யூஸ்டாச்சியஸ் டி லனாய், பின்னர் திருவிதாங்கூர் படையை நவீனப்படுத்தி அதன் தளபதியாக உயர்ந்தார். 'வலிய கப்பித்தான்' என்று மக்களால் அழைக்கப்பட்ட அவர், 1777-ஆம் ஆண்டு காலமானார். தக்கலை அருகே உதயகிரிக் கோட்டைக்குள் உள்ள அவரது கல்லறையில் லத்தீன், தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் வாசகங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தன் படையைத் தோற்கடித்த அரசுக்குப் பணியாற்றி மறைந்த ஒரு தளபதியின் கல்லறையில், அவ்வூர் மக்கள் படிக்கக்கூடிய மொழியிலும் செய்தி எழுதப்பட்டது என்பதே அதன் தனிச்சிறப்பு.

சட்டப் பாதுகாப்பு

புனித பிரான்சிஸ் தேவாலயம் 1923-ஆம் ஆண்டு முதல் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக உள்ளது. மட்டாஞ்சேரி அரண்மனையும் இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதியாகவும், அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாகவும் சட்டம் வரையறுக்கிறது. இத்தகைய சின்னங்களைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

ஆனால், சட்டம் கட்டடங்களைக் காக்கலாம், கடற்காற்றில் மங்கும் எழுத்துகளைத் தடுத்து நிறுத்த முடியாது. ஒரு கல்லறைக் கல்லில் உள்ள பெயர் அழியும்போது, அதே நபரைத் தேவாலயப் பதிவேட்டிலோ எழும்பூர் ஆவணங்களிலோ தேடிக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு எஞ்சியிருக்கிறது. அவை 17, 18-ஆம் நூற்றாண்டு டச்சு மொழியிலும் கையெழுத்திலும் அமைந்தவை. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்வரைதான் அந்த வாய்ப்பும் இருக்கும்.